தண்ணீர் ஒரே நாளில் பழசாகுமா?



மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகரை ஒட்டிப் போசரி என்ற ஊர் இருக்கிறது. அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த இடம். பல மாநிலத்து மக்கள் அங்கே வேலை செய்து பிழைக்கிறார்கள்.

2019 நவம்பரில் அந்த மாநகராட்சி ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர். ஆண்டுகள் பல கடந்தும் அந்த முறை நீடித்தது.

இப்படி முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் பல வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் வரும் நாள் காலையில் குடத்தைப் பார்ப்பார்கள். முன்பு பிடித்த தண்ணீர் மீதம் இருக்கும். "இது பழைய தண்ணீர்" என்று சாக்கடையில் கொட்டுவார்கள். பிறகு, "புதுத் தண்ணீர்" பிடிப்பார்கள்.

தண்ணீர் என்ன சோறா, ஒரே இரவில் ஊசிப்போக?

குழாயில் வருவது உண்மையில் புதுத் தண்ணீர்தானா? அது வரும் வழியைப் பாருங்கள். போசரி அடங்கிய அந்த மாநகராட்சிக்கு முக்கியமான நீர் ஆதாரம் பவனா அணை. அது மாவள் வட்டத்தில், மலைப் பகுதியில் இருக்கிறது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும். அந்த மழைதான் அணையில் சேரும். அணையிலிருந்து ஆற்றில் விடுவார்கள். ராவேத் என்ற இடத்தில் ஆற்றிலிருந்து இறைப்பார்கள். நிக்டியில் சுத்தம் செய்வார்கள். பிறகுதான் குழாய்க்கு வரும்.

அப்படியானால், மே மாதம் குழாயில் வரும் தண்ணீருக்கு எத்தனை மாத வயது? எட்டு மாதத்துக்கும் மேல்! எட்டு மாதம் அணையில் இருந்த தண்ணீர், இரண்டு நாள் குடத்தில் இருந்தால் கெட்டுவிடுமா?

தண்ணீரைக் கெடுப்பவை வேறு. அழுக்குப் பாத்திரம் கெடுக்கும். மூடாத வாய் கெடுக்கும். உள்ளே விடும் கை கெடுக்கும். பாத்திரத்தைக் கழுவிப் பிடியுங்கள். மூடி வையுங்கள். நீளக் காம்பு உள்ள அகப்பையால் மொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆற வையுங்கள்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கிறது. ஒரு வீட்டில் ஒரு தடவைக்கு 2 குடம் கொட்டுகிறார்கள். அது 30 லிட்டர். மாதத்தில் 15 தடவை என்றால் 450 லிட்டர். தெருவில் 100 வீடு இருந்தால் 45,000 லிட்டர்! எல்லாம் சாக்கடைக்கு.

இந்தத் தண்ணீரின் விலை என்ன தெரியுமா? பவனா அணையிலிருந்து நேராகக் குழாய் போட்டு நகருக்குத் தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் வந்தது. மாவள் விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று அஞ்சினார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று மும்பை-புனே விரைவுச் சாலையில் போராடினார்கள். போலீசார் சுட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பெண். நகரத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டும்போது இதையும் நினைக்க வேண்டும்.

"டிரம்மில் தண்ணீர் வைத்தால் கொசு வருமே?" என்று ஒரு தாய் கேட்கலாம். நல்ல கேள்வி. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் டிரம்மை இறுக மூட வேண்டும். வாரம் ஒரு முறை காலி செய்து, உள் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும்.

காலி செய்யும் தண்ணீரை என்ன செய்வது? துணி அலசலாம். தரை துடைக்கலாம். செடிக்கு ஊற்றலாம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரும் துளசித் தொட்டிக்கு நல்லது. சோப்புத் தண்ணீர் கழிப்பறைக்கு ஆகும்.

செடிக்கு ஊற்றும் முன் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள். உச்சி வெயிலில் ஊற்றினால் அதிகம் ஆவியாகப் போகும். வேரைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்புங்கள். ஈரம் நிற்கும்.

சொட்டும் குழாயையும் கவனியுங்கள். இரவு படுக்கும்போது அதன் கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். காலையில் அளந்து பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் சுமார் 4 லிட்டர் போகும். தேய்ந்த வாசரை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

நாளைக் காலை குடத்தில் மீதி இருந்தால் கொட்டாதீர்கள். முதலில் அதைச் செலவு செய்யுங்கள். பிறகு குடத்தைக் கழுவிப் பிடியுங்கள்.