நாய்க்குட்டி வாங்கும் முன்



போன வருடம் தெருவில் கூடை வைத்து விற்றவரிடம் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். விலை குறைவு. “இரண்டு மாதக் குட்டி” என்றார். நாலாம் நாள் வாந்தி. பிறகு இரத்தபேதி. கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்தார். “ஐந்து வாரம்தான் இருக்கும். தடுப்பூசி போடவில்லை. இது பார்வோ நோய்” என்றார். குட்டி பிழைக்கவில்லை. என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இது 2017-இல் வந்த மத்திய அரசு விதி. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறாரா? திரும்பி வந்துவிடுங்கள்.

குட்டி பிறந்த இடத்துக்கே போங்கள். தாய் நாயைப் பாருங்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய்க்கும் தகப்பனுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா? கேளுங்கள். கென்னல் கிளப் தாள் இனத்துக்குத்தான் அத்தாட்சி, உடல்நலத்துக்கு அல்ல.

தடுப்பூசி அட்டையில் தேதி இருக்கும். பிறர் சொல்ல வேண்டாம். நீங்களே படியுங்கள். இப்போது படிக்கத் தெரியுமே!

வளர்ந்தால் 30 கிலோ இருக்கும். தீனிச் செலவையும் யோசியுங்கள். மகள் மறுபடி கேட்கிறாள். இந்த ஞாயிறு ஒரு தாய் நாயைப் பார்க்கப் போகிறோம்.