மேட்டில் திணறும் கார்

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய வண்டி, சமதரையில் நன்றாக ஓடி, ஈப்போவுக்கு வடக்கே மெனோரா மேட்டில் திணறுகிறதா? இஞ்சினைப் பிரிக்கச் சம்பளப் பணத்தைக் கொட்டுமுன் ஒன்றைக் கவனிப்போம்.

மேடேறும்போது இஞ்சினுக்கு அதிக பெட்ரோல் வேண்டும். பம்பு போதிய அழுத்தத்துடன் அனுப்பாவிட்டால் கார்புரேட்டர் கிண்ணம் வற்றிவிடும். வேகத்தைக் குறைத்ததும் வண்டி தெளிந்து ஓடினால், பெட்ரோல் வரத்தில் குறை இருக்கக்கூடும்.

முதலில் பெட்ரோல் வடிகட்டியை மாற்றுவோம். அடுத்துக் குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்ப்போம். நம் பெற்றோர் பால்மரம் வெட்டி எடுத்த ரப்பர் பெட்ரோலில் உப்பிவிடும். ஆகையால் பெட்ரோலுக்கென்றே செய்த செயற்கை ரப்பர் குழாயைக் கேட்டு வாங்குவோம். அதன்பிறகும் குறை தீராவிட்டால், பட்டறையில் அழுத்தமானி வைத்துப் பம்பைச் சோதிக்கச் சொல்வோம்.

இஞ்சின் ஆறியபிறகே தொடுவோம்; அருகில் சிகரெட்டும் தீக்குச்சியும் கூடவே கூடாது.