அன்னதானமும் நம் இடுப்பளவும்



உடல்நலம் பற்றிப் பேசும்படி நிர்வாகக் குழுவினர் பணித்தார்கள். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உடற்பயிற்சி செய்ய வைத்தவன் நான். என் தொந்தியைப் பற்றி மட்டும் யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்ற மறு வருடம் மருத்துவர் வயிற்றைச் சுற்றி அளவு நாடாவை வைத்தார். 104 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம். சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது.

என் தகப்பனார் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு நடந்து, மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்து, அதன் பிறகே ஒரு குண்டான் சோறு சாப்பிடுவார். தொந்தி கிடையாது. அந்தச் சோற்றை நான் விடாமல் காப்பாற்றினேன், நடையை விட்டுவிட்டேன். போதாததற்கு மூன்று வேளையும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். செலவாகாத சாப்பாடு வயிற்றுக்குள் கொழுப்பாகப் படிகிறது. அந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது.

2019-இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம்!

ஆனால் வழி இருக்கிறது. சென்னை டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல் எல்லையில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வை 2006-இல் வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி விறுவிறுவென்று நடந்து, சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்களைக் குறைத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான்.

நானும் தொடங்கினேன். கிள்ளானிலிருந்து கொம்யூட்டரில் வந்து, பிரிக்பீல்ட்ஸ் தெருக்களை இரண்டு சுற்று சுற்றிய பிறகே ஆலயத்துக்குள் நுழைவேன். வடை வாசனைதான் பெரிய சோதனை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். பட்டினி மட்டும் கிடந்தால் இந்த வயதில் தசையும் கரையும். ஆகவே தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் இருபது முறை எழுவேன். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. இடுப்பு 95. பத்துமலையின் 272 படிகளை இப்போது நிற்காமல் ஏறுகிறேன்.

இந்தத் தைரியத்தில்தான் குழுக் கூட்டத்தில், வெள்ளிக்கிழமை கேசரிக்குப் பதில் சுண்டலும், சிராப் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீரும் கொடுப்போம் என்றேன். மூத்த உபயதாரர் ஒருவருக்குக் கோபம் வந்தது. "வாத்தியாரே, சாமி பிரசாதத்திலேயுமா கணக்குப் பார்ப்பீங்க?" என்றார்.

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் தம்பியை நினைத்துக்கொண்டேன். இருபது வருடம் இதே மண்டபத்தில் பந்தி பரிமாறியவன். இனிப்பு நீரால் இடது காலை இழந்து, இன்று வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அதைச் சொன்னேன். பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "திருவிழாக் கேசரியில கை வைக்காதீங்க. வெள்ளிக்கிழமைக் கடலை என் உபயம்" என்றார்.

அடுத்த வெள்ளி முதல் சுண்டல். அலுவலக மேசையில் அளவு நாடாவும் இருக்கும். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆலய வாசலிலிருந்து நடக்கிறோம். செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டு வாருங்கள். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம்.