கும்மியும் எழுத்தும்



'பருத்தி' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன? நான்கு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கைதட்டிப் பாருங்கள். ப - ருத் - தி. மூன்று தட்டுத்தான் விழும். எழுத்து நான்கு, தட்டு மூன்று. இந்தச் சிறு வேறுபாட்டில் எத்தனையோ குழந்தைகளின் படிப்புத் தடுக்கி விழுகிறது. ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கழித்த பின்னரே நான் இதனை உணர்ந்தேன்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நாடு வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே மிகுதி. அங்கே ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் நான் பணியாற்றியபோது, இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பெற்றோர் எழுத்தறியாதவர்கள், கூலிக்குப் பருத்தி எடுக்கச் செல்பவர்கள். அவனோ எழுத்துக்களை எல்லாம் அறிவான். ஆயினும் 'பருத்தி' என்று எழுதிக் காட்டினால், "ப, ரு, இத், தி" என்பான். அது என்ன சொல் என்று கேட்டால் விழிப்பான். பருத்திக் காட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்குப் பருத்தி என்னும் சொல் தெரியவில்லை! அவனை மந்தபுத்திக்காரன் என்று நான் முடிவு கட்டினேன். நூறு முறை எழுதும்படி தண்டித்தேன். எழுதினான், ஆனால் படிக்கவில்லை.

அவ்வாண்டு ஊரில் முளைப்பாரித் திருவிழா நடந்தது. பெண்கள் வட்டமிட்டுக் கும்மி கொட்டினார்கள். ஓரத்தில் நின்று அச்சிறுவனும் பாடிக்கொண்டே கைகொட்டினான். தாளம் ஓரிடத்திலும் தவறவில்லை. இவ்வளவு நுட்பமான செவி படைத்தவனா மந்தன்? குறை அவனிடம் இல்லை, என் போதனையில்தான் இருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

'த்' என்னும் புள்ளியெழுத்தை 'இத்' என்று பெயரிட்டு நாம் கற்பிக்கிறோம். சொல்லுக்குள் வரும்போது அந்த 'இ' ஒலிப்பதில்லை. புள்ளியெழுத்து தனித்து இயங்காது. தனக்கு முன்னுள்ள எழுத்தைச் சார்ந்தே ஒலிக்கும். சிறுவன் பெயரைச் சொன்னான், ஒலியைக் கேட்கவில்லை. ஆகவே மறுநாள் குழந்தைகளைக் கரும்பலகையின் முன்னிருந்து எழுப்பி வேப்பமரத்தடியில் வட்டமாக நிறுத்தினேன். கம்பு என்றால் இரண்டு தட்டு. கண்மாய் என்றால் இரண்டு. மிளகாய் என்றால் மூன்று. உயிரொலி வருமிடமெல்லாம் ஒரு தட்டு. புள்ளிக்குத் தனித் தட்டு இல்லை. சில நாட்களில் அச்சிறுவன் ப - ருத் - தி என்று தட்டினான். தட்டியவன் சட்டென நின்று, "ஐயா, பருத்தி!" என்று கூவினான். அந்தக் குரல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

இது புதுமையன்று. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவுகோலாகக் கொண்டவர் தொல்காப்பியர். மொழியை உடலால் அளந்த மரபு நம்முடையது. தெற்கே எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், பெண் விடுதலையைப் பாடவும் கும்மியையே தேர்ந்தார்.

பிற நாட்டாரும் இவ்வுண்மையைக் கண்டிருக்கின்றனர். ஜெனீவா இசைப்பள்ளி ஆசிரியர் எமில் ஜாக் டால்குரோஸ் (1865-1950), தாளத்தை நடையாலும் உடலசைவாலும் கற்பித்தார். 1974-இல் இசபெல் லிபர்மன் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் அமெரிக்கக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். சொல்லின் கூறுகளை எண்ணிச் சிறு குச்சியால் மேசையில் தட்டவேண்டும். நான்கு வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அசைகளைத் தட்டினர். அசைக்குள் அடங்கிய தனி ஒலிகளைப் பிரித்துத் தட்ட அவர்களுள் ஒருவராலும் இயலவில்லை. குழந்தைக்கு எளிதாகப் பிடிபடுவது எதுவோ அதிலிருந்து தொடங்குவதே நல்லாசிரியன் கடமை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெறும் கைதட்டல் படிப்பாகிவிடாது. தட்டிய கை உடனே எழுத்தைத் தொடவேண்டும். 'ருத்' என்று தட்டியதும், 'ரு', 'த்' என்னும் இரண்டு எழுத்துக்களையும் ஒருசேரச் சுட்டிக் காட்டவேண்டும். இன்றேல் ஆட்டம் ஆட்டமாகவே நின்றுவிடும்.

உயர்வகுப்பு மாணவர்களே, யாப்பிலக்கணம் என்றதும் அஞ்சுகிறீர்கள் அல்லவா? அசை என்ற சொல்லிலேயே அசைவு இருக்கிறது. கையால் தட்டியதை இனிக் காலால் நடந்து பாருங்கள். ஒரு தட்டு ஓர் அடியில் அடங்கினால் நேர். இரண்டு தட்டு ஓர் அடியில் அடங்கினால் நிரை. புள்ளியெழுத்தின் துணையின்றி நிற்கும் குறில், அடுத்த எழுத்தின் கையைப் பற்றிக்கொள்ளும், அதுவே நிரை. அடுத்து எழுத்து இல்லையேல் தனித்து நேராகும். இவ்வாறு நடந்தால் கம்/பு தேமா, பருத்/தி புளிமா, திருச்/சுழி கருவிளம், நெசவாளர் பாவு விரிக்கும் பா/வடி கூவிளம். மாவும் விளவும் வில்வமும் ஆகிய மரங்களின் பெயரால் வாய்பாடு அமைத்த முன்னோர், நம் ஊர்ச் சொற்களுக்கும் அவற்றில் இடம் வைத்திருக்கிறார்கள்.

உங்களுள் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். அதற்கு முன்னரே தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித் தருவீர்கள். படிக்கத் தடுமாறும் குழந்தையை மந்தன் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் அதனோடு நின்று கைகொட்டிப் பாருங்கள். நான் காலந்தாழ்த்திக் கற்ற பாடம் இது; நீங்களேனும் காலத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.