அலவனும் கள்வனும்



பத்தாண்டுகளாகக் கவிதையையும் காப்பியத்தையும் ஆய்ந்துவரும் ஓர் அவையில் நண்டைப் பற்றி உரையாற்ற ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தமிழ்ப் புலவர்கள் நண்டை எளிய உயிர் என்று ஒதுக்கியவர்கள் அல்லர். ஐங்குறுநூற்றின் மருதத்தைப் பாடிய ஓரம்போகியார், ஒரு பத்துப் பாடல்களையே அதற்கென ஒதுக்கினார். கள்வன் பத்து என்று அதற்குப் பெயர். களவன் பத்து என்று பாடம் கொள்வாரும் உண்டு. எனவே நண்டுக்கு இந்த அவையில் இடம் கேட்பது புதிய உரிமை அன்று, பழைய உரிமைதான்.

குமாரலிங்கபுரம் போன்ற நம் வானம் பார்த்த ஊர்களின் கண்மாய்க்கரையிலும் வயல் வரப்பிலும் வளை தோண்டி வாழ்கிறதே ஒரு நண்டு, அது நிலத்து நண்டா, நீர் நண்டா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட வினா. கேட்பதற்குச் சிறுபிள்ளை வினாவைப் போலத் தோன்றும். இதற்கு விடை காண அறிஞர் உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது.

முதலில் நம் சொற்களைப் பார்ப்போம். நண்டு, ஞெண்டு, ஞண்டு, அலவன், கள்வன், நள்ளி, கர்க்கடகம் எனப் பெயர்கள் பல. நிகண்டும் அகராதியும் இவற்றை ஒரே பொருள் குறித்த பல சொற்களாகக் கட்டி வைக்கின்றன. செய்யுள் யாப்போருக்கு அது பெரிய உதவி. எதுகைக்கும் மோனைக்கும் வேண்டிய சொல்லை எடுத்துக்கொள்ளலாம். எனினும் பழம்பாடல்களைத் திணை நோக்கிப் பயில்வோர்க்கு வேறொன்று புலப்படும். நெய்தல் மணலில் ஓடிக் கோலமிடுவதும், மகளிர் துரத்தி விளையாடுவதும் பெரும்பாலும் அலவன். மருதத்து வயலில் நெற்கதிரைக் கொண்டுபோய் ஈரமான மண்வளைக்குள் சேர்ப்பது கள்வன். ஓரம்போகியார் அதன் நீண்ட கண்ணை வேம்பின் அரும்போடு ஒப்பிடுகிறார். காம்பின் நுனியில் நிற்கும் அந்தக் கண்ணைக் குனிந்து, அருகிருந்து பார்த்தவருக்கே அவ்வுவமை வாய்க்கும். நிகண்டு ஒன்றாக்கியதைப் பாடல் இரண்டாக வைத்திருந்தது. அந்த வேறுபாடு பொருளற்றது அன்று என்பதையே இனிக் காட்ட விழைகிறேன்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையன என ஒரே வரிசையில் நிறுத்தினார். இன்றைய விலங்கியலும் நண்டையும் வண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியில் சேர்க்கிறது. இதைக் கொண்டு அன்றே அறிந்தோம் என்று மார்தட்ட நான் வரவில்லை. தொல்காப்பியர் எறும்பை மூவறிவில் வைத்தார். அவர் கொண்ட அளவுகோல் வேறு. வகைப்படுத்துவது என்றால் ஓர் அளவுகோலைத் தேர்ந்து அதில் உறுதியாக நிற்பது. அந்த மனப்பழக்கம் நம்மிடம் இருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்க பெருமை.

நண்டினத்துக்கு எந்த அளவுகோலைத் தேர்வது? இருக்கும் இடத்தைக் கொண்டு பிரிக்கலாம் என்பதே யார்க்கும் முதலில் தோன்றுவது. கடலில் இருப்பது கடல்நண்டு, ஆற்றிலும் குளத்திலும் இருப்பது நன்னீர் நண்டு, தரையில் இருப்பது நிலநண்டு. எளிய பிரிவுதான்; ஆனால் நம் கண்மாய் நண்டு இதற்குள் அடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் அது நீருக்குள் இருக்கும். நெல் விளையும் காலத்தில் வரப்பில் ஏறி நடமாடும். கோடையில் கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது, ஈரம் தட்டும் ஆழம்வரை வளை தோண்டி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். ஆண்டில் பல திங்கள் மண்ணுக்குள் கழிக்கும் உயிரை நீர்வாழ்வது என்று எப்படிச் சொல்வது?

தரங்கம்பாடிக்குச் செல்வோம். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் ஆட்சியில் இருந்த ஊர் அது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒரு பெரிய நண்டுக்கு, பெர்லினில் இருந்த ஹெர்ப்ஸ்ட் என்னும் அறிஞர் 1796-இல் 'கார்னிஃபெக்ஸ்' எனப் பெயரிட்டார். இலத்தீனில் அதற்குக் கொலைத்தண்டம் நிறைவேற்றுபவன் என்று பொருள். பெயர்தான் கொடியது, உண்பது பெரும்பாலும் இலைதழை. கார்டிசோமா கார்னிஃபெக்ஸ் என இன்று வழங்கும் அந்நண்டு அலையாத்திக் காடுகளை ஒட்டிய களிமண்ணில் ஆழமாக வளை தோண்டி வாழ்வது. இரவில் வெளிவந்து மேய்வது. உலகம் 'நிலநண்டு' என ஒப்புக்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தது.

அதே காலத்தில் நம் வயல் நண்டுகளும் பெயர் பெற்றன. ஒன்றுக்கு ஹெர்ப்ஸ்ட் 1794-இல் இட்ட பெயருக்கு 'நீரில் ஓடுவது' என்று பொருள். மற்றொன்றுக்கு ஃபாப்ரீசியஸ் 1798-இல் இட்ட பெயர் 'செனெக்ஸ்', அதாவது கிழவன். தமிழ் அகராதி தந்த ஃபாப்ரீசியஸ் பாதிரியார் வேறு. இவர் லின்னேயசிடம் பயின்ற டேனிஷ் விலங்கியலார். கிழவன் எனப் பெயர் பெற்ற அந்நண்டு பின்னாளில் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் நண்டின் உடலியலை அறிய உதவிப் புகழ் பெற்றது.

தரங்கம்பாடி நண்டு தரையில் வாழ்கிறது. கண்மாய் நண்டு நீரோடு வாழ்கிறது. எனவே முன்னது நிலத்துக்கு உரியது, பின்னது நீருக்கு உரியது என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் இயற்கை நம்மைத் திகைக்க வைக்கிறது.

தரையில் வாழும் அந்தக் கார்னிஃபெக்ஸ், குஞ்சு பொரிக்கும் பருவம் வந்தால் கடலுக்குப் போயாக வேண்டும். தாய் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்து சென்று கடல்நீரில் விடுகிறது. அவற்றிலிருந்து வெளிப்படுவன நண்டின் உருவமே இல்லாத நுண்ணிய இளவுயிரிகள். அவை சில வாரங்கள் அலையில் மிதந்து, உருமாறிக் கரையேறுகின்றன. இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் மழைக்காலத் தொடக்கத்தில் கோடிக்கணக்கான செந்நண்டுகள் காட்டை விட்டுக் கடலுக்கு நடப்பதும் இந்தக் கட்டாயத்தினால்தான். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் சிலவற்றில் வாழும் தென்னை நண்டு, தரைவாழ் கணுக்காலிகளுள் மிகப் பெரியது. அது உண்மையான நண்டுகூட அன்று. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் உறவு. வளர்ந்தபின் கடலில் விட்டால் மூழ்கி இறந்துபோகும். அதுவும் முட்டை பொரிக்கக் கடலையே நாடுகிறது.

நம் கண்மாய் நண்டு அப்படியன்று. அது இடும் முட்டைகள் சில நூறே. அளவில் பெரியவை. வயிற்றின் அடியில் மடிந்த அகன்ற மடலுக்குள் தாய் அவற்றைச் சுமக்கிறது. மிதக்கும் இளவுயிரிப் பருவமெல்லாம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. பொரித்து வெளிவரும்போதே அவை முழு உருப்பெற்ற சின்னஞ்சிறு நண்டுகள். பிறகும் சில நாள் தாயின் மடலுக்குள்ளேயே ஒண்டியிருந்து, பின்பே பிரிகின்றன. திருச்சுழியிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்றால் மன்னார் வளைகுடா. அக்கடலின் ஒரு துளிகூட இந்நண்டுக்கு எப்பருவத்திலும் தேவையில்லை.

ஆகவே, தரையில் வாழ்வது கடலின் பிள்ளை. நீரில் வாழ்வது நிலத்தின் பிள்ளை. வாழும் இடம் காட்டாத உண்மையைப் பிறக்கும் இடம் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வுறவுமுறை எளிதில் தெளிவானதன்று. இந்தியாவில் பயணம் செய்து 1832-இல் பம்பாயில் மறைந்த ழாக்மோன் என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் திரட்டியவற்றுள் நன்னீர் நண்டு ஒன்று இருந்தது. உருவத்தில் நிலநண்டை ஒத்திருந்த அதற்கு, நிலநண்டின் பெயரையே சற்றுத் திரித்து 'கெகார்சினூகஸ்' என 1844-இல் மில்ன் எட்வர்ட்ஸ் பெயர் சூட்டினார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஆல்காக் 1910-இல் இந்திய நன்னீர் நண்டுகளின் பட்டியலை வெளியிட்டார். ஜெர்மானியர் பாட் 1970-இல் குடும்பங்களைப் பலவாகப் பிரித்தார். ஆண்நண்டின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றுள் இரண்டை மீண்டும் இணைத்தது. அந்தக் குடும்பத்துக்கு இன்று கெகார்சினூசிடே என்று பெயர். நம் கண்மாய் நண்டு அதன் உறுப்பினர். கடலை முற்றும் துறந்த குடும்பம், கடலை விடமுடியாத நிலநண்டின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பெயரிட்டவர் உருவத்தைப் பார்த்தார். பிறப்பைப் பார்க்க அவருக்கு வாய்ப்பில்லை.

பெயர்களைப் பேசுகையில் ஒரு மகிழ்ச்சியான செய்தியையும் சொல்லவேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த மலைக்காட்டில், மரப்பொந்துகளில் தேங்கும் நீரில் வாழும் ஒரு நன்னீர் நண்டு 2017-இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அதைக் காட்டிக்கொடுத்த காணிப் பழங்குடியினரின் பெயரால் 'காணி' என்பதே அதன் பேரினப் பெயர். சிற்றினப் பெயர் 'மரஞண்டு'. நாம் நண்டு என்று மாற்றிக்கொண்டுவிட்டோம். மலையாளம் இன்றும் ஞண்டு என்றே வழங்குகிறது. நம் பழைய சொல் ஒன்று, உலக அறிவியல் ஏட்டில் மாறாத இடம் பெற்றுவிட்டது.

இனித் தாயின் செய்தி. நண்டு ஈன்றவுடன் தாய் இறக்கும் என்பது நம் இலக்கியத்தில் நெடுங்காலம் வாழ்ந்த நம்பிக்கை. கள்வன் பத்திலேயே அது உண்டு. ஔவையார் பெயரில் வழங்கும் நல்வழியிலும் உண்டு. அழிவுக்காலம் வந்தால் கருக்கொள்ளும் பொருள்களின் வரிசையில் சிப்பி, மூங்கில், வாழை ஆகியவற்றோடு நண்டும் நிற்கிறது. உண்மையில் தாய்நண்டு குஞ்சுகளைப் பிரித்து அனுப்பியபின் உயிரோடுதான் இருக்கிறது. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றி எறியும். கால், கொடுக்கு, கண் உறை எல்லாம் மாறாமல் அந்த வெற்றோடு கிடக்கும். சிறுநண்டுகள் ஊரும் இடத்தில் அத்தகைய ஓட்டைக் கண்டவர் தாயின் பிணம் எனக் கருதியிருக்கலாம் என்பது என் ஊகம். வேம்பின் அரும்பு போன்ற கண்ணை நேரில் கண்ட அதே மரபு, தாயின் சாவைக் கேள்வியில் ஏற்றுக்கொண்டது. இரண்டும் ஒரே பத்தில் அருகருகே இருக்கின்றன. கண்டதும் கேட்டதும் கவிதையில் ஒரே நிறத்தோடு நிற்கும் என்பதைக் கவிஞர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் நம் ஊரிலேயே இருக்கிறது. தரங்கம்பாடியில் பெயர் பெற்ற நிலநண்டு கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை ஒரே இனமாகப் பரவியிருக்கிறது. அதன் இளவுயிரிகளைக் கடல் சுமந்து செல்கிறது. ஒரு கரையில் அது அழிந்தாலும் மற்றொரு கரையின் வித்து அலையோடு வந்து சேரக்கூடும். நன்னீர் நண்டுக்கு அந்த வாய்ப்பில்லை. இலங்கையில் மட்டும் ஏறக்குறைய 50 வகை நன்னீர் நண்டுகள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஓர் ஓடையில் பிறந்தது அடுத்த மலையின் ஓடைக்குச் செல்ல வழியில்லாமையே இதற்குக் காரணம்.

நம் சமவெளி நண்டு அத்துணை அரியது அன்று. தென்னிந்தியச் சமவெளிகளில் பரவலாக உள்ளது. ஆனால் அது பரவும் வழி ஒன்றே: நடந்து செல்வது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, அந்த நீர் அடுத்த கண்மாயை நிரப்பி, முடிவில் குண்டாற்றில் சேருமாறு நம் முன்னோர் அமைத்த தொடர் இருக்கிறதே, அதுவே நண்டின் பெருவழி. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் நாட்டில், வரத்துக்கால் ஒன்று தூர்ந்தால் உழவனுக்கு நீர் நிற்கும். நண்டுக்குப் பாதை நிற்கும். சீமைக்கருவேல் அடைத்த ஓடையிலும் மண்மூடிய மறுகாலிலும் நண்டு கண்மாய் விட்டுக் கண்மாய் செல்வது அரிது. ஒரு கண்மாயில் அது அற்றுப்போனால் கடலிலிருந்து யாரும் அதைக் கொண்டுவந்து சேர்க்கப்போவதில்லை.

உழவர் அதன்மேல் சினம் கொள்வதற்கு நியாயம் உண்டு. வளையினால் வரப்பு கசியும். இளம் நாற்றை அது கத்தரிக்கும். அதற்காக வளைக்குள் பூச்சிமருந்து ஊற்றினால் அந்த நஞ்சு நண்டோடு நிற்பதில்லை. கொக்கும் நாரையும் நரியும் அந்த நண்டை உண்பவை. சளிக்கு நண்டுச் சாறு வைக்கும் வீட்டுக்கும் அதே நஞ்சு வந்து சேரும்.

கவிஞர் பெருமக்களே! கடலைப் பாடும்போது அலவனையும் கண்மாயைப் பாடும்போது கள்வனையும் அதனதன் இடத்தில் வையுங்கள். யாப்புக்கு இடர் நேரின் நண்டு என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. ஆனால் பாடுமுன் ஒருமுறை கரையில் இறங்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் மடலைச் சற்று விரித்து நிற்கும் தாய்நண்டின் அடியில் கடுகளவில் குஞ்சுகள் அசைவதைக் காணலாம். ஓரம்போகியார் கண்டு பாடாமல் விட்ட காட்சியோ, காணாமல் விட்ட காட்சியோ, நான் அறியேன். தமிழில் அது இன்னும் பாடப்பட வேண்டிய காட்சி. அதைப் பாடும் கவிஞர் இந்த வட்டத்திலிருந்து எழவேண்டும். பாடும் நாளில் கண்மாயில் நண்டும் இருக்கவேண்டும்.