மனச்சோர்வும் ஒரு நோய்தான்



காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மனம் சோர்ந்தால் என்ன செய்கிறோம்?

ஒருவருக்குப் பல வாரங்களாகத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. வேலையில் மனம் செல்லவில்லை. அவரைச் சோம்பேறி என்று ஊர் சொல்கிறது. காற்று, கருப்பு என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அது நோயாக இருக்கலாம்.

இந்த நோய் எப்படி வருகிறது என்று ஆராய்பவர் விதிதா வைத்யா. மும்பையைச் சேர்ந்தவர். இவருடைய தாய், தந்தை இருவருமே மருத்துவ ஆராய்ச்சியாளர்கள். மும்பை புனித சேவியர் கல்லூரியில் படித்தார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் ஆராய்ச்சி செய்தார். பிறகு தாய்நாட்டுக்கே திரும்பினார். 2000ஆம் ஆண்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அவர் ஆராயும் பொருளின் பெயர் செரோட்டோனின். இது உடலே உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் இதை இரத்தத்திலிருந்து பிரித்து எடுத்தனர். மூளையிலும் இது இருப்பதை 1953ஆம் ஆண்டில் பெட்டி ட்வாரோக் என்ற பெண்மணியும் இர்வின் பேஜ் என்பவரும் எடுத்துக்காட்டினர். உடலில் உள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் அதன் வேலை பெரிது. ஒரு நரம்பு செல்லிலிருந்து மற்றொன்றுக்கு அது தூது போகிறது. தூக்கம், பசி, மனநிலை எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

வைத்யாவும் அவருடைய மாணவர்களும் எலிகளை வைத்துச் சோதனை செய்தனர். பிறந்த குட்டிகளைத் தினமும் சில மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்தனர். அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகும் பயந்த சுபாவத்தோடு இருந்தன. வேறு சில குட்டிகளுக்கு, தாயைப் பிரிந்திருந்த நாட்களில், செரோட்டோனினின் ஒரு தூதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தனர். அவற்றுக்கு அந்தப் பயம் வரவில்லை. சின்ன வயதுத் துன்பம் மூளையில் தடம் பதிப்பதில் செரோட்டோனினுக்குப் பங்கு உண்டு என்று இதிலிருந்து தெரிந்தது.

2019ஆம் ஆண்டில் இன்னொரு செய்தியை வெளியிட்டனர். சித்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு எரிந்தால்தான் வேலை நடக்கும். பெரும்பாலான செல்களுக்குள் அப்படிச் சின்னச் சின்ன அடுப்புகள் உண்டு. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தருபவை அவையே. எலியின் நரம்பு செல்களில் செரோட்டோனின் இந்த அடுப்புகளைப் பெருக்கியது. செல்களுக்குச் சக்தி கூடியது. துன்பத்தைத் தாங்கும் திறனும் கூடியது.

வைத்யாவுக்கு 2015ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசும், 2022ஆம் ஆண்டில் இன்போசிஸ் பரிசும் கிடைத்தன.

எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. செரோட்டோனின் குறைந்தால் துக்கம், கூடினால் சந்தோஷம் என்று சொல்லிவிடவும் முடியாது. மனச்சோர்வுக்குக் காரணங்கள் பல. கடன், இழப்பு, குடும்பச் சண்டை, பரம்பரை எல்லாம் அதில் சேரும். ஆனால் ஒன்று உறுதி. மனச்சோர்வு சோம்பலும் அல்ல, சாபமும் அல்ல. அதற்குச் சிகிச்சை உண்டு.

அதனால் மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள்.

குழந்தைகளை அடித்து, மிரட்டி வளர்க்காதீர்கள்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்தும் பேசலாம்.

மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தாதீர்கள்.

கோயிலுக்குப் போங்கள், கும்பிடுங்கள். மருத்துவரிடமும் போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.