ஆபீஸ் கேட்டோட நின்னுபோற சமத்துவம்

இன்னிக்கு வீடு தேடுறதைப் பத்திப் பேசப்போறோம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவுங்கிறது நம்ம விஷயம் இல்ல. அதுக்கு முன்னாடியே சில கேள்விகள் வருமே, அதைப் பத்தி.

பெருங்குடி, கந்தன்சாவடி பக்கம் வீடு தேடினவங்களுக்கு இது பழகிப்போன விஷயம். புரோக்கர்கிட்ட பட்ஜெட் சொல்லுவோம். அவர் கேப்பார்: "பேமிலியா, பேச்சிலரா? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? சொந்த ஊர் எது? பேர் என்ன சொன்னீங்க?" நான் தேடினப்போ ஒருத்தர் ரொம்ப அன்பாவே சொன்னார்: "தம்பி, ஓனர் தங்கமான மனுஷன். ஆனா நம்மாளுங்களுக்குத்தான் கொடுப்பார்." நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. அந்த "நம்மாளுங்க"ங்கிற வார்த்தைக்கு நான் என்ன பதில் சொல்றேன்னு பார்க்கத்தான் அந்தப் பேச்சு.

அதே ஓ.எம்.ஆர்.ல நம்ம ஆபீஸ் இருக்கு. சேர்ந்த முதல் நாளே சமவாய்ப்பு பாலிசின்னு ஒண்ணைக் காட்டுவாங்க. பாலியல் தொல்லைன்னா 2013 சட்டப்படி புகார் குழு இருக்கணும். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம் இருக்கு. ஆபீஸ்ல எல்லாம் சரியா நடக்குதுன்னு நான் சொல்லல. ஆனா புகார் கொடுக்க ஒரு இடமாவது இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய வந்து வீடு பார்க்கப் போனா, அந்த இடமும் இல்ல.

அப்போ அரசியலமைப்பு என்ன சொல்லுது? பிரிவு 15(2)-ஐ எடுத்துக்கோங்க. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இதையெல்லாம் காரணம் காட்டி கடை, ஓட்டல், பொழுதுபோக்கு இடங்கள்ல யாரையும் தடுக்கக்கூடாது. இது அரசாங்கத்துக்கு மட்டும் இல்ல, தனியாருக்கும் பொருந்தும். 1948 நவம்பர்ல அரசியல் நிர்ணய சபையில "கடைன்னா என்ன"ன்னு கேள்வி வந்தப்போ, அம்பேத்கர் அதுக்கு ரொம்ப விரிவான அர்த்தம் கொடுத்தார். காசு வாங்கிட்டு சேவை தர்ற யாரும் அதுல அடங்குவாங்கங்கிறதுதான் அவர் சொன்னதோட சாரம்.

ஆனா வீடுன்னு வந்தா கதை மாறுது. 2005-ல அகமதாபாத் பார்சி வீட்டுவசதி சங்க வழக்குல, பார்சிகளுக்கு மட்டும்தான் உறுப்பினர் இடம்ங்கிற விதி செல்லும்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

இதுக்கு நடுவுல துண்டு துண்டா சில சட்டங்கள் இருக்கு. தீண்டாமையைக் காரணமா வெச்சு ஒருத்தரை ஒரு பகுதியில குடியிருக்க விடாம தடுத்தா, 1955 சட்டப்படி குற்றம். எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு வாடகை வீடு மறுக்கக்கூடாதுன்னு 2017 சட்டம் சொல்லுது. திருநர்களுக்கு 2019 சட்டம். சரி, ஒரு முஸ்லிம் பையனுக்கு? தனியா வாழுற பொண்ணுக்கு? மணிப்பூர்லேர்ந்து வந்தவங்களுக்கு? அட்ரஸ்ல கண்ணகி நகர்னு இருக்கறதாலேயே ஒதுக்கப்படுறவங்களுக்கு? நேரடியா கைகாட்ட ஒரு சட்டமும் இல்ல.

இது வெறும் நம்ம புலம்பல் இல்ல. டெல்லி சுற்றுவட்டாரத்துல நடத்தின ஒரு ஆய்வு 2015-ல 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில வந்துது. ஒரே மாதிரி வீட்டைக் கேட்டும், உயர்சாதிப் பேர்ல கேட்டவங்களைவிட தலித் பேர்ல கேட்டவங்களுக்கும் முஸ்லிம் பேர்ல கேட்டவங்களுக்கும் அதிகமா மறுப்பு கிடைச்சுது.

வேற ஊர்ல என்ன பண்ணாங்க? பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் வேலை, வீடு, கடை, கல்வி, சங்கம்னு எல்லாத்துக்கும் ஒரே சட்டமா இருக்கு. 2023-ல அமெரிக்காவோட சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணப்போ, வேலையோட வீட்டையும் சேர்த்துதான் தடை பண்ணாங்க. அதாவது, பெருங்குடியிலேர்ந்து ஆன்சைட் போறவருக்கு அங்க கிடைக்கிற பாதுகாப்பு, திரும்பி வந்து இங்க வீடு தேடும்போது கிடையாது.

இந்தியாவுலயும் முயற்சி நடந்துது. எல்லாப் பிரிவினருக்கும், வேலைக்கு வெளியவும் பொருந்துற மாதிரி ஒரு தனிநபர் மசோதாவை சசி தரூர் 2017-ல மக்களவையில கொண்டுவந்தார். அது சட்டம் ஆகாமலே காலாவதி ஆயிடுச்சு.

"என் வீடு, என் இஷ்டம்"னு ஒரு வாதம் வரும். அதுல பாதி நியாயம் இருக்கு. நீங்க குடியிருக்கற வீட்டுக்குள்ளயே ஒரு ரூமை விடுறீங்கன்னா, யாரோட கிச்சனைப் பகிர்ந்துக்கணும்ங்கிறது உங்க முடிவு. பிரிட்டன் சட்டமே அந்த மாதிரி சின்ன வீடுகளுக்கு விலக்கு கொடுக்குது. வாடகை கட்ட முடியுமான்னு பாருங்க, பழைய ஓனர்கிட்ட விசாரிங்க, தாராளமா. ஆனா நாலு பிளாட் கட்டி, "டு லெட்" போர்டு மாட்டி, ஆப்ல விளம்பரமும் போட்டாச்சுன்னா அது வியாபாரம். கடைக்காரர் பேரைக் கேட்டுட்டு அரிசி போட மாட்டேன்னு சொன்னா ஒத்துக்குவோமா? இன்னொண்ணு, "வெஜ் மட்டும்"ங்கிறது பல நேரம் சமையலைப் பத்தினதே இல்ல. சாதியையும் மதத்தையும் வாயால கேக்காம வடிகட்டுற வழி அது.

டெல்லி செய்யட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். 1938-லயே எம்.சி. ராஜா முயற்சியில, பொதுக் கிணறு, சாலையெல்லாம் தலித் மக்களுக்குத் திறக்கணும்னு சட்டம் போட்ட மாகாணம் இது. இப்போ நம்மகிட்ட 2017 வாடகைச் சட்டம் இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போடணும், பதிவு பண்ணணும், குடியிருக்கறவங்களுக்குத் தண்ணி, கரண்ட்டை நிறுத்தக்கூடாதுன்னு எல்லாம் சொல்லுது. ஆனா அதெல்லாம் வீட்டுக்குள்ள வந்தவங்களுக்கு. வாசல்லயே திருப்பி அனுப்பப்பட்டவங்களைப் பத்தி அதுல பேச்சே இல்ல. சாதி, மதம், பாலினம், திருமண நிலை, ஊர், முகவரி இதுல எதைக் காரணம் காட்டியும் வீடு மறுக்கக்கூடாது, அப்படி விளம்பரமும் போடக்கூடாதுன்னு ஒரு பிரிவைச் சேர்க்கலாம். வாடகை அதிகாரிகிட்டயே புகார் கொடுக்கலாம்னு வெக்கலாம். அதுக்குப் புது ஆபீஸ்கூடத் திறக்க வேண்டாம்.

சட்டம் வந்த உடனே மனசு மாறாதுதான். ஆனா இன்னிக்கு கூச்சமே இல்லாம கேக்கற ஒரு கேள்வியை, நாளைக்கு ஒரு புரோக்கர் கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்குவார். வீடு கிடைக்காம பி.ஜி.யிலயே மூணு வருஷம் ஓட்டுற ஒருத்தருக்கு அந்தத் தயக்கமே பெரிய விஷயம்.